யாழினி: பெயரில் வாழும் யாழும் வாயிலில் நின்ற பாணரும்

சென்ற ஆண்டு எங்கள் அலுவலகத்துக்கு ஓர் இளம் இணையர் வந்தனர். மகளுக்கு ஒன்றரை வயது. பிறப்பு உரிய காலத்தில் பதிவாகியிருந்தது. பெயருக்கான கட்டம் மட்டும் வெறுமையாக விடப்பட்டிருந்தது. 'யாழினி' என்று எழுதிய விண்ணப்பத்துடன் அவர்கள் பதிவு அலுவலகத்துக்குச் சென்றபோது, அங்கிருந்த ஊழியர் பெயரைப் பார்த்தார், முகவரியில் இருந்த 'காலனி' என்ற சொல்லைப் பார்த்தார், பின்னர் கேட்டார்: "உங்களுக்கு எதுக்குங்க இந்த மாதிரி பேரெல்லாம்? வாயில நுழையற மாதிரி ஒண்ணு வைக்கக் கூடாதா?" ஓராண்டு கடந்துவிட்டது, இனிச் சேர்க்க இயலாது என்றும் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

சட்டச் சிக்கல் எளிதில் தீர்ந்தது. உரிய பிரிவைச் சுட்டி ஒரு மனு எழுதிக் கொடுத்தோம், பெயர் ஏறியது. ஆனால் அந்தத் தந்தை சொன்ன ஒன்று எங்களை விட்டு அகலவில்லை. "எங்க அப்பா பேரு மண்ணாங்கட்டி. அந்தப் பேரை எழுதிக் கொடுத்தப்ப எந்த ஆபீசுலயும் யாரும் எதுக்குன்னு கேட்டதில்லை."

ஒரு பெயர் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்த ஊழியருக்கு எங்கிருந்து வந்தது? யாழ் என்ற கருவி வரலாற்றில் யாருடைய கையில் இருந்தது? இன்று தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் விரும்பிச் சூட்டப்படும் இப்பெயரின் பொருளையும் பிறப்பையும் விளக்கப் புகுந்தால், இவ்விரு கேள்விகளும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன.

பெயரின் பொருள்

குழந்தைப் பெயர்களைத் தொகுத்துத் தரும் நூல்களும் இணையப் பக்கங்களும் 'யாழினி'க்குத் தரும் பொருள் 'யாழைப் போன்று இனிமையானவள்' என்பதே. யாழ், இனி என்று பிரித்து, இனிமையைப் பெயரின் பின்பகுதியில் காண்பது இவ்விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. எனினும் இதைவிட வலுவான மற்றொரு விளக்கம் நம் பழஞ்சொற்களிலேயே உள்ளது. சங்க இலக்கியத்தில் பாடும் பெண் 'பாடினி' எனப்படுகிறார். பாடுபவர் பாடினி என்றால், யாழ் இசைப்பவர் யாழினி. இவ்வாறு கொண்டால் இப்பெயர் ஒரு பெண்ணின் குரலையோ இயல்பையோ புகழும் அடைமொழியாக நிற்காமல், அவள் செய்யும் தொழிலையும் அவள் பெற்ற கல்வியையும் சொல்லும் பெயராகிறது. முதல் விளக்கத்தில் பெண் ஒரு கருவிக்கு உவமையாகிறாள். இரண்டாவதில் கருவி அவள் கையில் இருக்கிறது. நாங்கள் இரண்டாவதையே ஏற்கிறோம்.

சங்கப் பாடல்களில் பெண் கலைஞரைக் குறிக்க விறலி, பாடினி என்ற சொற்களே பெரிதும் வழங்கின. யாழினி என்பது தனித்தமிழ்ப் பெயர்களைத் தேடும் தற்கால மரபில் பரவிய ஆக்கம். யாழிசை, யாழ்மொழி, பண்மொழி, இசைமொழி, குழலி, இசை என அதே குடும்பத்தைச் சேர்ந்த பெயர்களும் இன்று வகுப்பறைகளில் ஒலிக்கின்றன.

பாணரின் கருவி

யாழ், வில்லின் வடிவிலிருந்து கிளைத்த நரம்புக் கருவி. பெரும்பாணாற்றுப்படை, ஆயர் ஒருவர் குமிழ மரத்தின் உட்டுளை உள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி வாசிக்கும் வில்யாழைக் காட்டுகிறது. மேய்ச்சல் நிலத்தில் பிறந்த அக்கருவி பின்னர் நுட்பம் பெற்று வளர்ந்தது. சிறியது சீறியாழ், பெரியது பேரியாழ். சிலப்பதிகார உரைமரபு பேரியாழுக்கு 21 நரம்புகளையும் செங்கோட்டியாழுக்கு 7 நரம்புகளையும் சொல்கிறது. ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு சுரத்துக்கு உரியது. எனவே பண்ணுக்கு ஏற்ப நரம்புகளைக் கூட்டுவதே பெரும் கல்வியாக இருந்தது.

யாழின் அடிப்பகுதியில் ஒலியைப் பெருக்கும் பத்தர் இருக்கும். அதன்மேல் தோலைப் போர்த்தித் தைப்பார்கள். பொருநராற்றுப்படையும் சிறுபாணாற்றுப்படையும் பெரும்பாணாற்றுப்படையும் யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக விவரிக்கும்போது இந்தத் தோல் போர்வையையும் விரிவாகவே சொல்கின்றன. இக்குறிப்பை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

இக்கருவியை ஏந்தியவர்கள் பாணர்கள். சீறியாழை வைத்திருந்தவர் சிறுபாணர், பேரியாழை வைத்திருந்தவர் பெரும்பாணர். இசைமரபை வாய்மொழியாகக் காத்தவர்களும், ஊர் ஊராகச் சென்று மன்னர்களின் புகழைப் பாடியவர்களும் இவர்களே. பரிசு கிடைத்தால் பாணருக்குப் பொற்றாமரையும் பாடினிக்குப் பொன்மாலையும் கிடைத்ததாகப் பாடல்கள் கூறும். ஆனால் அதே பாடல்கள் அவர்களின் பசியையும் மறைக்கவில்லை. உப்பில்லாமல் வெந்த கீரையை, பிறர் பார்த்துவிடக் கூடாது என்று கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்ணும் பாணர் குடும்பத்தைச் சிறுபாணாற்றுப்படை காட்டுகிறது. செவ்வியல் இசையின் பெருமையைப் பேசும் மேடைகளில் இந்தக் கீரை பேசப்படுவதில்லை.

புறநானூற்றின் 335ஆம் பாடல் மாங்குடி கிழார் பாடியது. நான்கு பூக்களையும் நான்கு உணவுப் பொருள்களையும் அடுக்கிய அவர், துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நால்வரைத் தவிர வேறு குடிகள் இல்லை என்கிறார். வீழ்ந்த வீரரின் நடுகல்லே வழிபடத்தக்கது என்றும் முடிக்கிறார். நால்வருணத்துக்கு மாறான இந்த நான்கு குடிகளின் பட்டியலில் யாழை ஏந்திய பாணரும் பறையோடு பெயர்பொருந்திய பறையரும் அருகருகே நிற்கின்றனர். கடவுளாக வணங்கத்தக்கது நடுகல் ஒன்றே என்னும் அந்த நிலத்தில், இசைக்கருவியைத் தொட்ட கை இழிவான கையாக இருக்க இடமில்லை.

இதைச் சொல்லும்போது சங்ககாலத்தைச் சாதியற்ற பொற்காலமாக நாம் வரைந்துவிடக் கூடாது. அதே புறநானூற்றின் 287ஆம் பாடலில் துடி கொட்டுபவர் 'புலையன்' என்றும், முரசு அறையும் கோலை ஏந்தியவர் 'இழிசினன்' என்றும் விளிக்கப்படுகின்றனர். இழிவின் விதை அங்கேயே இருக்கிறது. அது எவ்வாறு முளைத்துக் கோயில் வாயிலை அடைத்தது என்பதைப் பிற்கால நூல்கள் நமக்குச் சொல்கின்றன. அவற்றை எழுதியவர்கள் பாணர்கள் அல்லர் என்பதால், அச்சான்றுகளுக்கு இரட்டிப்பு மதிப்பு உண்டு.

வாயிலுக்கு வெளியே

7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தருடன் பயணம் செய்து அவருடைய பதிகங்களை யாழில் இசைத்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவருடைய துணைவியார் மதங்கசூளாமணியாரும் உடன் சென்றார். யாழ்ப்பாணர் 63 நாயன்மார்களுள் ஒருவர். ஆனால் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணத்தைக் கூர்ந்து படித்தால், இந்த நாயனார் எங்கே நின்றார் என்பது தெரியும்.

மதுரையில் அவர் கோயிலின் வாயில் முன்னே நின்று பாடுகிறார். இறைவன் அடியார்களின் கனவில் ஆணையிட்ட பிறகே உள்ளே அழைத்துச் செல்லப்படுகிறார். தரையின் ஈரம் யாழின் நரம்பைத் தளர்த்தும் என்று பொற்பலகை இடுமாறும் இறைவன் கட்டளையிடுகிறான். திருவாரூரில் மற்றோர் ஏற்பாடு: அங்கும் வாயில் முன் நின்று பாடியவருக்கு, வடதிசையில் வேறொரு வாயில் வகுக்கப்படுகிறது, அதன் வழியே அவர் உள்ளே செல்கிறார். பக்தி நூல்கள் இவற்றை இறைவனின் அருளாக விளக்குகின்றன. சட்டம் படித்த நமக்கு இவை வேறொன்றின் சான்றுகள். விலக்கு முன்பே நடைமுறையில் இருந்தால்தான் விதிவிலக்கு அளிக்கக் கடவுள் கனவில் வரவேண்டும். பொதுவாயில் மூடியிருந்தால்தான் தனிவாயில் தேவைப்படும். திருவாரூரின் வடவாயில் அருளின் அடையாளமாகவே நினைக்கப்படுகிறது. இன்றும் எத்தனையோ ஊர்களில் தனிவழி, தனிக்குவளை, தனிச்சுடுகாடு என நாம் வழக்கு நடத்துவது இதே ஏற்பாட்டை எதிர்த்துத்தான்.

சாத்தமங்கையில் திருநீலநக்கரின் வீட்டில் தங்க நேர்ந்தபோது, பாணர் இணையருக்கு எந்த இடத்தை ஒதுக்குவது என்ற தயக்கம் எழுகிறது. வேள்வித்தீ எரியும் இடத்தின் அருகே அவர்கள் தங்கவைக்கப்பட, தீ அணையாமல் வலமாகச் சுழன்று எரிந்ததாகக் கதை செல்கிறது. தருமபுரத்திலோ, சம்பந்தரின் பாடலுக்குப் பெருமை யாழால்தான் வந்தது என்று பாணரின் சுற்றத்தார் பேச, கருவியில் அடங்காத ஒரு பதிகத்தைச் சம்பந்தர் பாடுகிறார். நாணிய பாணர் தம் யாழையே உடைக்க முற்படுகிறார். 'யாழ்மூரி' என்று அப்பதிகம் பெயர் பெற்றது. இசைக்குடியின் கருவிக்கு மேலாக வேதியரின் குரலை நிறுத்தும் கதையாகவே நாம் அதைப் படிக்கிறோம்.

வைணவ மரபில் திருப்பாணாழ்வார். உறையூரைச் சேர்ந்த பாணர். காவிரியின் அக்கரையில் நின்று அரங்கனைப் பாடியவர். வழியை விட்டு விலகவில்லை என்று உலோகசாரங்கர் எறிந்த கல் அவர்மேல் பட்டுக் குருதி வழிந்ததென்றும், பின்னர் இறைவன் ஆணைப்படி அதே முனிவர் அவரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டு சென்றதென்றும் குருபரம்பரைக் கதைகள் கூறும். பத்துப் பாசுரங்களைப் பாடிய அவர் இறைவனோடு கலந்துவிட்டார் என்பது முடிவு. உள்ளே போனவர் திரும்பி வரவில்லை; தம் காலால் நடந்தும் போகவில்லை. நந்தனாரின் கதையை அறிந்தவர்களுக்கு இந்த முடிவு புதிதல்ல.

இவ்வரிசையில் யாழினி என்ற பெயருக்கு மிக நெருக்கமான ஒருவர் இருக்கிறார். தில்லையில் பூட்டிய அறையிலிருந்து தேவார ஏடுகள் மீட்கப்பட்டபோது, பாடல்கள் கிடைத்தன, பண்கள் மறந்துபோயிருந்தன. அவற்றுக்கு மீண்டும் பண் அமைத்தவர் திருஎருக்கத்தம்புலியூரில் வாழ்ந்த ஒரு பெண் என்று திருமுறைகண்ட புராணம் தெரிவிக்கிறது. திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்தவர் அவர். அரசரும் நம்பியாண்டார் நம்பியும் அவரைத் தில்லைக்கு அழைத்து வந்து பண்களை அமைக்கச் செய்தனர். ஏட்டைக் கண்டெடுத்தவரின் பெயர் நமக்குத் தெரியும். இசையைக் காத்துத் தந்த அப்பெண்ணையோ, யாழ்ப்பாணர் வழிவந்த ஒருத்தி என்று மட்டுமே நூல் குறிக்கிறது. பெயர் சொல்லப்படாத அந்த இசைவல்லாருக்கு இன்று நாம் ஒரு பெயர் வைக்க விரும்பினால், யாழினியைவிடப் பொருத்தமானது வேறென்ன இருக்க முடியும்?

கருவி மறைந்தது, பெயர் பரவியது

மெட்டுகள் பொருத்தப்பட்ட வீணையில் ஒரே தந்தியில் பல சுரங்களை எழுப்ப முடியும், கமகங்களை வளைத்து இசைக்க முடியும். நரம்புக்கு ஒரு சுரம் என்றிருந்த யாழ் இந்த மாற்றத்தில் பின்தங்கியது. கருவியின் இயல்பு ஒரு காரணம் என்றால், அதை ஏந்திய குடி கோயிலுக்கும் அரசவைக்கும் வெளியே தள்ளப்பட்டது மற்றொரு காரணம். காப்பாற்றக் குடி இல்லாத கருவி அழியும். இடைக்காலத்துக்குப் பின் யாழ் இலக்கியத்திலும் சிற்பத்திலும் மட்டுமே எஞ்சியது.

20ஆம் நூற்றாண்டில் அது ஆய்வின் வழியே திரும்பி வந்தது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' பழந்தமிழ் இசையின் கணக்குகளை ஆராய்ந்தது. மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பல ஆண்டுகள் உழைத்து எழுதிய 'யாழ் நூல்' 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. இவற்றோடு, 1916இல் மறைமலையடிகள் முன்னெடுத்த தனித்தமிழ் இயக்கம் பெயர்களையும் தமிழாக்கும் வழக்கத்தை வளர்த்திருந்தது. திராவிட இயக்கமும் பின்னர் ஈழப் போராட்டமும் அவ்வழக்கத்தைப் பல வீடுகளுக்குக் கொண்டு சென்றன. ஈழத்தவருக்கு யாழ் என்ற சொல் கூடுதலான உணர்வைத் தருவது. யாழ்ப்பாணம் என்ற ஊர்ப்பெயரே யாழிசைத்த ஒரு பாணருக்குப் பரிசாகக் கிடைத்த நிலத்தால் வந்தது என்பது வழிவழிக் கதை. பாணரின் பெயரைத் தாங்கிய அந்தத் தீபகற்பத்தில்தான், ஒடுக்கப்பட்ட சாதியினர் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய 1968இல் போராட வேண்டியிருந்தது என்பதையும் நாம் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.

இன்றைய பரவலுக்கு வேறு காரணங்களும் உள்ளன. பெயர் சிறியது, தமிழின் சிறப்பு எழுத்தான ழகரத்தைத் தாங்குவது, மதத்தையோ சாதியையோ வெளிப்படையாகக் காட்டாதது, ஒலியில் மாலினி, நளினி போன்று காதுக்குப் பழகிய வடமொழிப் பெயர்களுக்கு நெருக்கமானது. இதில் ஒரு முரணும் உண்டு. சோதிட அட்டவணையில் கேட்டை நட்சத்திரத்துக்குரிய எழுத்துகளுள் 'யா'வும் ஒன்று. எனவே தனித்தமிழ்ப் பற்றால் இப்பெயரைத் தேர்ந்தவரும், நாள்கோள் பார்த்துத் தேர்ந்தவரும் ஒரே வகுப்பறையில் பிள்ளைகளைச் சேர்க்கின்றனர்.

தலித் குடும்பங்களில் இப்பெயர் வருவதற்கு மற்றுமொரு வரலாறு இருக்கிறது. மனுஸ்மிருதியின் இரண்டாம் இயலின் 31ஆம் செய்யுள், பார்ப்பனரின் பெயர் மங்கலத்தையும் சத்திரியரின் பெயர் வலிமையையும் வைசியரின் பெயர் செல்வத்தையும் சூத்திரரின் பெயர் இழிவையும் உணர்த்த வேண்டும் என்று விதிக்கிறது. வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்த நான்காம் இடமும் இல்லை. மண்ணாங்கட்டி, குப்பன், பிச்சை என்று வழங்கிய பெயர்களில் சில, பிள்ளை தங்க வேண்டும் என்ற வேண்டுதலால் பிற சாதியினரும் இட்டவை. ஆனால் வேறு பெயர் வைத்தால் ஆண்டை என்ன சொல்வாரோ என்ற அச்சம் சேரிக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1930-31இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்மீது ஆதிக்க சாதியினர் விதித்த தடைகளை, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தம் நூலில் பதிவு செய்துள்ளார். நகை அணியக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, பிள்ளைகளைப் படிக்கவைக்கக் கூடாது என்ற அப்பட்டியலில், திருமணத்துக்கு மேளம் வைக்கக் கூடாது என்பதும் இருந்தது. பிறர் வீட்டுச் சாவுக்கு அடிக்க வேண்டியவர்கள், தம் வீட்டு மகிழ்ச்சிக்கு இசை கேட்கக் கூடாது.

இந்நிலையில் பெயரைத் தாமே தேர்ந்துகொள்வது அரசியல் செயலாக இருந்ததில் வியப்பில்லை. காத்தவராயன் என்ற இயற்பெயர் கொண்டவர் தம் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். 1922இல் எம்.சி.ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தால், இழிவாக வழங்கிய பெயருக்கு மாற்றாக 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் அரசுப் பதிவுகளுக்கு வந்தது. 2000களின் தொடக்கத்தில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி தொண்டர்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டும் இயக்கத்தை நடத்தியது. அதன் தலைவர் திருமாவளவன் தம் தந்தை இராமசாமியின் பெயரைத் தொல்காப்பியன் என்று மாற்றியதால்தான் அவருடைய பெயருக்கு முன் 'தொல்.' என்ற முன்னொட்டு நிற்கிறது. மகன் தந்தைக்குப் பெயர் சூட்டிய வரலாறு இது. இன்று நம் சேரிகளில் யாழினி என்றும் இசைமொழி என்றும் பெண்பிள்ளைகள் அழைக்கப்படுவது இத்தொடர்ச்சியின் ஒரு பகுதி.

யாழும் பறையும்

இப்போது தோலுக்குத் திரும்புவோம். பறை தீண்டத்தகாத கருவி ஆனதற்குச் சொல்லப்படும் காரணம் அதன் தோல். இறந்த விலங்கின் தோலைத் தொடும் கை தீட்டுடையது என்பது வாதம். ஆனால் யாழும் தோல் போர்த்த கருவிதான். மிருதங்கமும் தோற்கருவிதான். மிருதங்கத்துக்குத் தோலைப் பதப்படுத்திக் கட்டும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல், வாசிப்பவர் மேடையிலும் செய்பவர் வெளியிலும் நிற்கும் அமைப்பை விரிவாகக் காட்டியது. ஆக, தீட்டு தோலில் இல்லை. யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அது கருவிமேல் ஏற்றப்படுகிறது.

யாழின் நிலையும் பறையின் நிலையும் வேறுபட்டதற்கு நாங்கள் காணும் காரணம் இதுதான். யாழ் மறைந்துவிட்டது, அதை இசைத்த குடியோடு அக்கருவிக்கு இன்று கண்ணுக்குத் தெரியும் உறவு இல்லை. உடைமையாளர் இல்லாத நிலத்தைப் போல, எவரும் அதை எடுத்துத் தம் பிள்ளைக்குச் சூட்டலாம்; அதில் சாதியின் தடம் தெரிவதில்லை. பறையோ உயிரோடிருக்கிறது, பறையரோடும் அருந்ததியரோடும் சேர்ந்து. எனவே அதன் பெயர் வசையாகவே நீடிக்கிறது. ஆங்கில அகராதியில் 'பரையா' என்று ஏறி, உலகம் முழுவதும் ஒதுக்கப்பட்டவரைக் குறிக்கும் சொல்லாகவும் ஆகிவிட்டது. பறைதல் என்பதற்குச் சொல்லுதல் என்றும் பொருள் உண்டு. அறிவிப்பதே அக்கருவியின் பணி. பொருளின் அழகில் யாழுக்கு அது சற்றும் குறைந்ததன்று. யாழினி என்ற பெயரைப் பாராட்டும் தமிழ்ச் சமூகம், பறையோடு சேர்ந்த ஒரு பெயரை அதே மகிழ்ச்சியோடு தன் வீட்டுப் பிள்ளைக்குச் சூட்டுமா என்பதே நம் கேள்வி. மாங்குடி கிழாரின் பட்டியலில் இரு குடிகளும் சமமாகவே நின்றன.

பாணர் குடியும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் நிரலில், கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் செங்கோட்டை வட்டத்துக்கும் மட்டும் 'பாணன்' என்ற பெயர் இடம்பெற்றிருக்கிறது. 1956இல் திருவிதாங்கூரிலிருந்து தமிழ்நாட்டோடு இணைந்த பகுதிகள் அவை. கேரளத்தின் பட்டியலிலும் பாணன் உண்டு. குழந்தைக்குப் பெயராக வரும்போது யாழ் பெருமை. சாதிச் சான்றிதழில் வரும்போது பாணன் என்பது தயக்கத்தோடு நீட்டும் தாள். இரண்டும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

பெயர் வைப்பதில் நம் மக்களுக்கு எழும் நடைமுறை ஐயங்களுக்கு இங்கே சுருக்கமாக விடை தருகிறோம்.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இன்படி பிறப்பை 21 நாள்களுக்குள் பதிய வேண்டும். அப்போதே பெயர் தரவேண்டிய கட்டாயம் இல்லை. 14ஆம் பிரிவின்படி பெயரைப் பின்னர் சேர்க்கலாம். முதல் 12 மாதங்களுக்குள் கட்டணம் இல்லை. அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். ஓராண்டு கடந்தால் முடியாது என்று எவரேனும் சொன்னால், அப்பதிலை எழுத்தில் கேளுங்கள். பெயர் தகுதியானதா, 'உங்களுக்கு' ஏற்றதா என்று ஆராயும் அதிகாரத்தைச் சட்டம் பதிவாளருக்கு வழங்கவில்லை.

2023இல் திருத்தப்பட்ட அச்சட்டத்தின்படி, 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் போன்றவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த நாளுக்கும் இடத்துக்குமான சான்று. ஆகவே எழுத்துக்கூட்டலில் கவனம் தேவை. ழகரத்தை ஆங்கில எழுத்தில் தமிழ்நாட்டில் பெரும்பாலும் 'இசட்-எச்' என்றும், ஈழத்தவர் 'எல்' என்றும் எழுதுகின்றனர். எதை எழுதினாலும் பிழையில்லை. ஆனால் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு, சாதிச் சான்றிதழ் ஆகிய நான்கிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கல்வி உதவித்தொகை நிறுத்தப்பட்டு எங்களிடம் வரும் மாணவர்களில் சிலருக்குச் சிக்கல் ஓர் எழுத்தில்தான் இருக்கிறது.

பெயர் மாற்றத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒருவர் தம் பெயரைத் தாமே தீர்மானிக்கும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமையைச் சேர்ந்தது என்பதை ஜிக்யா யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் ஏற்றது. 2023இல் தில்லி உயர் நீதிமன்றத்துக்கு இரு சகோதரர்கள் வந்தனர். 'மோச்சி' என்ற சாதிப்பெயரால் இழிவு நேர்கிறது என்று அவர்களின் தந்தை தம் குடும்பப்பெயரை மாற்றியிருந்தார். தங்கள் பள்ளிச் சான்றிதழ்களிலும் அதை மாற்ற வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். அடையாளத்துக்கான உரிமை 21ஆம் பிரிவின் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று கூறி நீதிமன்றம் அதை அனுமதித்தது. பெயர் மாறுவதால் ஒருவரின் சாதிநிலை மாறிவிடாது என்பதையும் நாம் தெளிவாக உணர வேண்டும். யாழினி என்று பெயர் வைத்தால் பிள்ளைக்கு இடஒதுக்கீட்டுச் சான்றிதழ் கிடைக்காமல் போய்விடுமோ என்ற அச்சம் தேவையற்றது. அச்சான்றிதழ் பிறப்பைப் பொறுத்தது, பெயரைப் பொறுத்தது அன்று.

பொது இடத்தில் சாதிப்பெயரைச் சொல்லி வசைபாடுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இன் 3(1)(எஸ்) பிரிவின்கீழ்க் குற்றம். பறையடிக்க வேண்டும் என்று ஒருவரைக் கட்டாயப்படுத்திக் கூலியின்றி வேலை வாங்குவது 3(1)(எச்) பிரிவின் கட்டாய உழைப்பில் அடங்கும். பறையை விரும்பி அடிப்பது கலை. மறுக்கும் உரிமை இல்லாமல் அடிப்பது அடிமைத்தொழில். இவ்வேறுபாட்டைக் காவல்நிலையத்தில் எடுத்துச் சொல்ல நம் தோழர்கள் தயங்கக் கூடாது.

வகுப்பறைக்கும் இதில் பங்கு உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வெட்டப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், பள்ளிகளின் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதிப்பெயர்களை நீக்கப் பரிந்துரைத்தது. வருகைப்பதிவேட்டில் யாழினி என்ற பெயரை வாசிக்கும் ஆசிரியர், அப்பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதியைத் தேடாத நாள் வரவேண்டும் என்பதே அப்பரிந்துரைகளின் சாரம்.

அந்தப் பெயர் யாருடையது?

தொடக்கத்தில் சொன்ன இணையரிடம், சான்றிதழைக் கையில் கொடுத்த அன்று, யாழ்ப்பாணரைப் பற்றியும் பண் அமைத்த அப்பெண்ணைப் பற்றியும் பேசினோம். தாய் கவனமாகக் கேட்டார். பெயரின் பொருள் 'இனிமையானவள்' என்று கைப்பேசியில் பார்த்து வைத்தோம், வேறொன்றும் தெரியாது என்றார். தந்தை சிறிது நேரம் பேசவில்லை. மண்ணாங்கட்டி என்ற பெயரோடு வாழ்ந்து மறைந்த தம் தந்தை நல்ல பறைக் கலைஞர் என்றும், ஊர்ச் சாவுக்கு இனி அடிப்பதில்லை என்று ஒருநாள் அதைப் பரணில் ஏற்றிவிட்டார் என்றும் பின்னர் சொன்னார். அது இப்போதும் வீட்டில் இருக்கிறதாம்.

யாழினி என்ற பெயரை எச்சாதியைச் சேர்ந்தவரும் தம் மகளுக்குச் சூட்டலாம், சூட்டட்டும். பெயர்களுக்கு வேலி போடுவது நம் வேலை அன்று. ஆனால் அழகான தமிழ்ப் பெயர் சேரிக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது: யாழை ஏந்தியவர்கள் கோயில் வாயிலுக்கு வெளியே நின்றவர்கள். எங்கள் பிள்ளைகள் அப்பெயரை யாரிடமிருந்தும் இரவல் வாங்கவில்லை. பெயர் சூட்டும் தோழர்கள் 'இனிமையானவள்' என்பதோடு நிறுத்திவிடாமல், பாணரின் பசியையும் வடவாயிலையும் பண் மீட்ட பெண்ணையும் பிள்ளைக்குச் சொல்லி வளர்க்க வேண்டும். அவள் வளரும்போது, பரணில் இருக்கும் அந்தப் பறையையும் இறக்கி அவளிடம் காட்ட வேண்டும்.